ரெண்டு வாசல் கோழிக்கூடு

முதலாவது குற்றம்: பக்கத்து வீட்டு வெடக்கோழி சுவரேறிக் குதித்து அரைக்கீரைப் பாத்தியைக் கிளறியது. இரண்டாவது: சேவல், தெரு எழும்புமுன் கூவித் தூக்கத்தைக் கெடுத்தது. மூன்றாவது: கொடியில் காயப்போட்ட தொழிற்சங்கத் துண்டில் எச்சமிட்டது. நான்காவது, இப்போது நடப்பது: பெருகிவிட்ட அந்தக் கோழிப் பட்டாளத்துக்குப் பொதுச்சுவரை ஒட்டியே செங்கல் கட்டடம்!

நகராட்சிக்கு எழுதிய மனுவைத் தங்கச்சாமி இன்னொரு தடவை வாசித்தார். திருப்தியாக இருந்தது. ராஜபாளையத்தில் அவர் எழுதாத துண்டுப் பிரசுரமா? எண்பத்து மூணாம் வருஷ ஸ்டிரைக்குக்குப் பிறகு, "ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடு, மில்லில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் கேட்டபோது மட்டும்தான் அவர் பேனா மறுத்தது. "எவன் தயவும் இல்லாம என் வீட்ல அடுப்பு எரியுது" என்று இன்றைக்கும் மேடைதோறும் சொல்லுவார்.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. சுவருக்கு மேல் எக்கிப் பார்த்தார்.

"ஏலே பொன்னுராஜு, ஒரு வீட்டுக் கோழிக்கு எதுக்குலே நடுவுல சுவர், ரெண்டு வாசல்?"

கொத்தனார் பொன்னுராஜ் சிரித்தான். "கோழிக பாகம் பிரிச்சுக்கிட்டுதோ என்னவோ! ரெண்டு அறையும் ஒரே அளவா இருக்கணுமாம். ஒரு கல்லு கூடக்குறைய வச்சாலும் பேகம் அக்கா பிரிச்சுக் கட்டச் சொல்லுதாக."

பேச்சுக் கேட்டு சம்சாத் பேகம் வெளியே வந்தாள்.

"அண்ணே, அய்யனார் கோவில் மலையில மேகம் இறங்கிட்டு. கீரிப்பிள்ளை வேற குஞ்சைத் தூக்குது. கூரை போடுற வரைக்கும் பொறுத்துக்கோங்க."

"ரெண்டு அறை எதுக்கு? அதைச் சொல்லும்மா."

"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு வாரக் கோழிக்கு."

ஒருத்தர் கோழியை இன்னொருத்தர் வளர்த்து, முட்டையிலும் குஞ்சிலும் பாதிப் பாதி எடுத்துக்கொள்கிற வாரம்.

"யாரு கோழி?"

"அதைக் கேக்காதீங்கண்ணே. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

தங்கச்சாமிக்கு மூக்கில் வியர்த்தது. ஒளிந்திருக்கிற முதலாளியை வெளியே இழுப்பதுதானே அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை!

சாயங்காலமே தெருவைக் கூட்டிவிட்டார். சாட்சிக்கு ஜவுளிக்கடை நம்பி முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். மனுவில் முதல் எதிரி பேகம். அடுத்து 'இரண்டாவது எதிரி' என்று எழுதி, பேருக்கு இடம் விட்டிருந்தது.

"கோழி எவனுக்கோ, நாத்தம் மட்டும் எனக்கா? பேரைச் சொல்லு. இல்லைன்னா கூட்டை இடிக்க வைக்காம விடமாட்டேன்."

பேகம் தலைகுனிந்து நின்றாள். "இடிச்சாலும் சரிண்ணே. என் வாயால சொல்ல மாட்டேன்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெள்ளத்தாய்னு எழுதுங்க."

அவர் மனைவி!

"ஏட்டி, என்ன உளறுதே?"

"மன்னிப்பு எழுத மாட்டேன்னிய. சரின்னேன். கோழி வளர்த்துப் பிழைக்கிற நிலைமை எனக்கு வரலைன்னிய. அதுக்கும் சரின்னேன். உலையில போட அரிசி வேணும்ல? எங்காத்தா குடுத்த ஒத்தப் பொட்டைக்கோழியை இவகிட்ட வாரத்துக்கு விட்டேன். உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னு வாக்கும் வாங்குனேன். நீங்க எழுதுங்க. இவ கூடு இடியக்கூடாது."

தங்கச்சாமி குனிந்து, விட்டிருந்த இடத்தில் எழுதினார். மனுவை மடிக்கப் போனார்.

நம்பி தொண்டையைச் செருமினார். "சாட்சிக்கு முன்னால முழுசா வாசிக்கணும், வாசிக்காத காகிதத்துல ஒருத்தனும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி எங்களுக்குச் சொல்லுவிய?"

தங்கச்சாமி எழுந்து நின்றார். மனுவை விரித்து வாசித்தார்.

"இரண்டாவது எதிரி, வெள்ளத்தாய். கணவர் பெயர்... தங்கச்சாமி."