செங்கோதையின் கவசம்

மந்திரவாளால் அரக்கர்களை வெட்டி வீழ்த்தும் படக்கதை வீராங்கனை செங்கோதையைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, தயாரிப்பாளரிடம் சண்டை போட்டு அவளுக்குக் கழுத்து முதல் கணுக்கால் வரை கவசம் அணிவித்தவர் இயக்குநர் மாசிலாமணி. ஆனால் வீட்டுத் திரைகள் இப்போது பார்ப்பவரின் ரசனையை அறிந்து படத்தை மாற்றிக் காட்டும்.

கல்லூரியில் படிக்கும் மகள் யாழிசை தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி பெருமையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். செங்கோதையின் கவசம் சுருங்கிச் சுருங்கி இரண்டு துண்டுத் துணியாகிவிட்டது.

"என்னப்பா இது? இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு."

"திரையில ஏதோ கோளாறும்மா." அவர் முகம் எரிந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் எழுந்து அடுக்களைக்குப் போனார்.

"சரியாயிடுச்சு, வாங்கப்பா," என்று மகள் கூப்பிட்டாள்.

அவர் குழாயைத் திறந்துவிட்டு, காதில் விழாதவர்போல் நின்றார்.