எட்டு மைல்

பங்குனி உத்திரத்துக்காக நானும் குணாளனும் விமலனும் புக்கிட் செந்தோசாவிலிருந்து கோலசிலாங்கூர் முருகன் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தோம். மருத்துவமனையில் கிடக்கும் அண்ணன் பிழைக்க வேண்டும் என்பது விமலனின் வேண்டுதல்.

செம்பனைத் தோட்டத்துப் பாதையில் எனக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. விமலனின் அண்ணன் இறந்துவிட்டார்.

"இப்ப சொல்லாத. தீட்டுன்னு நின்னுடுவான். அர்ச்சனை முடியட்டும்," என்று குணாளன் என் காதில் சொன்னான்.

மிச்சம் எட்டு மைல். விமலன் நிற்காமல் நடந்தான். தண்ணீர் கொடுத்தால் குடித்தான்.

கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டை என்னிடம் நீட்டினான்.

"நீங்க போங்க லா. நான் உள்ள வரக் கூடாது."

"உனக்கு யாருடா சொன்னா?"

"போன் வந்ததிலேருந்து நீ என் மூஞ்சியவே பார்க்கலயே."

"அப்புறம் ஏன்டா நடந்த?"

"நடக்கிற வரைக்கும் நீங்க அத சொல்ல மாட்டீங்கல்ல."