பேடிங்டன் படிக்கட்டில் ஒரு காலை

1986. வேல்ஸ் மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு வருடம் தாதியாக இருந்த சிவகௌரி, பிளேஸ்டோவில் கிடைத்த புது வேலைக்காகத் தனியாக லண்டன் வந்து, பேடிங்டன் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் கீழே இறங்குகிறாள். மரப்படிகள் கிறீச்சிடுகின்றன. அடியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று அவள் தலைமுடியைக் கலைக்கிறது. கிராமத்துப் பழக்கத்தில் அருகில் நிற்பவர்களுக்கெல்லாம் ‘குட் மோர்னிங்’ சொல்கிறாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் மேலே ஏறும் படிக்கட்டில் வரும் மீசைக்காரர் மட்டும் அவளை உற்றுப் பார்க்கிறார்.

“தமிழோ?”

இரண்டு வருடமாக அவளிடம் யாரும் தமிழில் பேசியதில்லை. “ஓம் அண்ணை! பிளேஸ்டோவுக்குப் போறன்!”

“அந்த ரயில் மேலயெல்லே! பிழையா இறங்குறியள், தங்கச்சி!” என்று கத்தியபடியே அவர் மேலே போய் மறைகிறார். கீழே இறங்கியதும் சிவகௌரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மேலே ஏறும் படிக்கட்டில் கால் வைக்கிறாள். பாதி வழியில் பார்த்தால், அவளைத் தேடி அவர் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறார்.

“அங்கயே நில்லுங்கோ!” என்று இருவரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். படிகள் நிற்பதாயில்லை, அவரைக் கீழேயும் அவளை மேலேயும் கொண்டுபோகின்றன. சிவகௌரி வாய்விட்டுச் சிரிக்கிறாள். முன்னால் நிற்கும் வெள்ளைக்காரர் பேப்பரை மடித்துவிட்டுத் தானும் சிரிக்கிறார்.