நாற்பத்தோராம் பக்கம்

"முட்டி ரெண்டும் கழண்டே போச்சு. இந்த லட்சணத்துல மீட்டிங் வேறயா?"

பேருந்து இருக்கையில் காலை நீட்ட இடமில்லாமல் குறுக்கே திரும்பி உட்கார்ந்திருந்தார் ராய்ஸ் டெங்கல். ஆறடி மூன்று அங்குல உயரம். அந்த வட்டாரத்தில் கோதுமை அறுவடை இயந்திரம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். லூயிஸ் ரிவர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுத் தலைவரும் அவரே.

"மீட்டிங் கேட்டது நீங்கதானே ராய்ஸ்? ஒன்பது மணிக்குள்ள பதில் சொல்றோம்னு நேத்து அந்த லீக்காரங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்தீங்க" என்றார் பல்கலைக்கழக பிரசிடென்ட் இங்ரிட் ஹால்வர்சன்.

காலை ஆறே முக்கால். ஸ்போகேன் விமான நிலையத்திலிருந்து பேருந்து கிளம்பியிருந்தது. ஊர் போய்ச் சேர எட்டாகும். ஆட்சிக்குழுவினர் ஒன்பது பேரும் இருந்தார்கள், ஒருவர் முகத்திலும் உயிர் இல்லை.

லூயிஸ் ரிவர் மாணவர் அணிகள் காலங்காலமாக விளையாடி வந்த மேற்குக் கரை விளையாட்டு லீக் உடைந்துவிட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் டிவி பணம் கிடைத்த பக்கம் ஓடிவிட்டன. திக்கற்று நின்ற லூயிஸ் ரிவருக்கு நாட்டின் மறுகோடியிலிருந்து, அட்லாண்டிக் கரை லீக் ஒன்று இடம் தருவதாகச் சொன்னது. ஆனால் எல்லா அணிகளும் வந்தாக வேண்டுமாம்.

"டிவிக்குத் தேவை ஃபுட்பால்தானே, அது மட்டும் போகட்டும். மத்த பிள்ளைங்க பக்கத்து ஊர்களோட விளையாடட்டும். கேட்டுத்தான் பாப்போமே" என்று இங்ரிட் ஒரு மாதமாகக் கரடியாய்க் கத்திப் பார்த்தார்.

"பேரம் பேசினா வந்த இடமும் போயிடும். முட்டுக்கட்டை போட்டீங்கன்னா அடுத்த வருஷம் நாங்க வேற பிரசிடென்ட் தேட வேண்டியிருக்கும்" என்று ராய்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். அதற்குப் பிறகு இங்ரிட் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அம்மணி வழிக்கு வந்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

லீக்காரர்களுடனான கடைசிச் சந்திப்புக்காக வட கரோலினா போக, நண்பரின் தனி விமானத்தைத் தருவிப்பதாகச் சொன்னார் ராய்ஸ். "லீக்ல சேர ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி அது வேண்டாம். பத்திரிகைக்காரங்க கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. போக்குவரத்தை யுனிவர்சிட்டியே பாத்துக்கும்" என்றார் இங்ரிட்.

"நல்லாவே பாத்துக்கிட்டாங்க!" பின்னாலிருந்து குரல் கொடுத்தார் கோனி ஒகாடா. எழுபது வயதுப் பல் டாக்டர், ஆட்சிக்குழுவிலேயே மூத்தவர். "ஷிகாகோவுல ஓட்டமா ஓடி விமானம் மாத்தினோம். டென்வர்ல அஞ்சு மணி நேரம் நாற்காலியிலயே தூக்கம். என் கழுத்து ஒரே பக்கமாத்தான் பாக்குது."

"யாரைப் பாக்குது?"

"உன்னைத்தான் ராய்ஸ். அதான் இப்படி வலிக்குது."

"எனக்கு நடு சீட்டு! சாப்பிடக் காகிதப் பையில ஒரு சாண்ட்விச். கடிச்சா பல்லு பேந்துடும் போல இருந்துச்சு" என்றார் ராய்ஸ்.

"பேந்தா என்கிட்ட வா. கட்டித் தர்றேன்."

சிரிக்கத் தொடங்கியவர்கள் தெம்பில்லாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

இங்ரிட்டுக்கும் அறுபத்திரண்டு வயது. அவருக்கும் நடு சீட்டுதான், அவரும் அதே நாற்காலியில்தான் கிடந்தார். குளிர்கிறது என்று கோனி முனகியபோது தன் கோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் ஆளாளுக்குத் திட்டியும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

ராய்ஸ் தடியான ஒப்பந்தத்தை மடியில் எடுத்து வைத்தார். "சரி, ஓட்டெடுப்பை முடிப்போம். முடிச்சுட்டு நேரா வீடு. ரெண்டு நாள் யாரும் என்னை எழுப்பக் கூடாது. இப்ப இருக்குற நிலைமைக்கு என் பேரை எழுதவே யோசிக்கணும்."

"முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டார் இங்ரிட்.

"டிவி பணம் இருக்குற பக்கத்தைப் படிச்சேன். போதாதா?" கொட்டாவி விட்டபடி நிமிர்ந்தார் ராய்ஸ். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. இப்படி ஒரு பயணத்தை ஏற்பாடு பண்ணின அறிவாளி யாரு? மனுஷங்களை மனுஷங்களா நினைக்கிற எவனாவது இப்படிச் செய்வானா? ஆடு மாட்டைக்கூட இப்படி ஏத்த மாட்டாங்க!"

"அதானே!" என்றார்கள் நாலைந்து பேர்.

"அப்ப இனிமே இந்த யுனிவர்சிட்டி சார்புல போற யாரையும் இப்படி அனுப்பக் கூடாது. தீர்மானமாவே எழுதிக்கட்டுமா?" இங்ரிட் பேனாவைத் திறந்தார். "சம்மதம்னா கை தூக்குங்க."

ஒன்பது பேர் கைகளும் உயர்ந்தன. ராய்ஸ் இரண்டு கைகளையும் தூக்கினார்.

இங்ரிட் எழுதி முடித்தார். "கோனி, ராய்ஸ் மடியில இருக்கே ஒப்பந்தம், அதுல நாற்பத்தோராம் பக்கத்தைக் கொஞ்சம் உரக்கப் படிங்களேன்."

கோனி எழுந்து வந்து பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "மாதிரிப் பயணத் திட்டம். பெண்கள் வாலிபால் அணி, அக்டோபர் இரண்டாம் வாரம். ஞாயிறு மாலை ஏழரைக்கு வட கரோலினாவில் புறப்பாடு. ஷிகாகோவில் விமான மாற்றம். டென்வரில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு. ஸ்போகேன். பிறகு பேருந்து..."

அவர் குரல் தேய்ந்து நின்றது. தூக்கிய கையை இறக்கலாமா கூடாதா என்று ராய்ஸுக்குத் தெரியவில்லை.

"ஒரு வரிகூட மாத்தலை, சாண்ட்விச் உட்பட" என்றார் இங்ரிட். "பெரியவங்களாச்சேன்னு ஒண்ணை மட்டும் உங்களுக்குக் குறைச்சுட்டேன். அந்தப் பொண்ணுங்களுக்கு பஸ்ஸை விட்டு இறங்கினதும், எட்டு மணிக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை."