விசில் ஊதினால் கையை விடணும்

"இத்தனூண்டு கயிறு ஒரு ஆளோட கனத்தைத் தாங்குமா? யார் காதுல தம்பி பூ சுத்தறீங்க?"

பாறை உச்சியில் நின்று கேட்டவர் லிஃப்ட் மெக்கானிக். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்போலக் காட்டிக்கொண்டாலும், வந்த காரியம் வேறு. மலை மீட்புக் குழுவில் இருக்கும் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவருடைய ஒரே மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். இன்று சாயங்காலத்துக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மகள் நீட்டிய போட்டோவைக்கூட அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "போட்டோவுல எல்லாரும் நல்லவன்தான்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் மூச்சு விடாமல் கிளம்பி வந்துவிட்டார்.

ஆளைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவரையும் அதட்டாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தான் ஒரு தாடிக்காரன். அவன்தான். தன் மகள் தலைவனை விட்டுவிட்டு வேறு யாரையாவது பிடிப்பாளா என்ன!

"பூவெல்லாம் இல்ல சார். இங்க வந்து பாருங்க" என்று தாடிக்காரன் சிரித்தான்.

மரக்கிளையிலிருந்து ஒரு மணல் மூட்டை தொங்கியது. அதைத் தாங்கிய விரல் பருமன் கயிற்றின்மேல் ஒல்லிக் கயிறு ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, அதன் முனையை அடிமரத்தில் கட்டியிருந்தார்கள்.

"நான் பெரிய கயிறை விட விட மூட்டை இறங்கும். நீங்க இந்த முடிச்சைக் கையால லேசாத் தள்ளிப் பிடிச்சுக்கணும். விசில் ஊதினா எல்லாரும் கையை விட்டுடணும். நீங்களும்தான்."

"எல்லாரும் விட்டா மூட்டையை யார் பிடிப்பா?"

"முடிச்சு பிடிக்கும்."

விசில் அடித்தது. எல்லாரும் கையை விட்டார்கள். இவர் மட்டும் பயத்தில் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கயிறு சர்ரென்று ஓட, மூட்டை தொப்பென்று விழுந்து மணலைக் கக்கியது.

"உங்க கை பிடிச்சிருந்தா முடிச்சு பிடிக்காது சார். முதல் தடவை எல்லாரும் பண்ற தப்புதான்."

"அட! லிஃப்ட்ல ரோப் அறுந்தா பெட்டியைக் கவ்வி நிறுத்துமே ஒரு பிரேக், அதேதான்!" வந்த காரியம் அவருக்கு மறந்தே போயிற்று. "இன்னொரு தடவை பண்ணலாமா?"

தப்பில்லாமல் வரும்வரை மரத்தடியிலேயே பழக்கினான் தாடிக்காரன். பிறகு அவர் இடுப்பில் ஒரு பட்டையை மாட்டி, பாறை விளிம்புக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு கயிறு விறைப்பாகக் கீழே இறங்கியது. அதில் தொங்கிய சுமை கண்ணுக்குத் தெரியவில்லை.

"இதுவும் மணல்தானே?"

"இது கொஞ்சம் கனம் சார். எண்பது கிலோ. விழாமப் பார்த்துக்கோங்க."

அதிலும் இருந்த அதே முடிச்சை அவர் தள்ளிப் பிடித்துக்கொள்ள, சுமை மெல்ல இறங்கியது. இதுதான் சமயமென்று அவர் தூண்டில் போட்டார்.

"ஏன் தம்பி, இப்படிப் பாறையில தொங்கிட்டுத் திரியற ஆளுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

மற்ற இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ரொம்ப யோசிச்சுத்தான் குடுப்பாங்க சார்."

"கல்யாணத்துக்கு அப்புறமாவது இதை விட்டுடலாமே?"

"விட்டுட்டா, பள்ளத்துல மாட்டிக்கிட்டவனை யார் சார் தூக்கறது?"

பதில் அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

திடீரென்று விசில். விரல்கள் தாமாகவே மடங்கப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார். ஒல்லிக் கயிறு வெடுக்கென்று இழுபட்டுப் பெரிய கயிற்றைக் கவ்விக்கொண்டது. சுமை அப்படியே நின்றது. மறுபடி இறக்கினார்கள், கீழே தரையைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாடிக்காரன் தான் போட்ட முடிச்சையே ஒவ்வொரு முறையும் திரும்பத் தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்திருந்தார். அப்படிப்பட்டவனிடம் லிஃப்டையும் கொடுக்கலாம், பெண்ணையும் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி.

"இனிமே மறைக்க மாட்டேன் மாப்பிள்ளை, நான்தான் பொண்ணோட அப்பா. எனக்குப் பூரண சம்மதம். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க!"

"ஐயோ சார், எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு!" என்று பதறினான் தாடிக்காரன்.

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்கள்.

"அப்போ என் மாப்பிள்ளை எங்கே?"

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா நீங்க ஷூ போட்டதுமே உங்க பொண்ணு எங்களுக்குப் போன் பண்ணிட்டாங்க சார். அதைக் கேட்டதும், 'முடிச்சை மாமா கையில குடுங்க, மூட்டைக்குப் பதிலா நான் தொங்கறேன்'னு சொல்லிட்டு உங்க மாப்பிள்ளைதான் போய் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டார்."