தானாக ஏறிய கைதி

“பெருசு, ஓரமா போங்க. உங்கள யாரும் புடிக்கல” என்றார் போலீஸ்காரர்.

ஆதிமூலம் போகவில்லை. வேன் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். அடுத்த காலைத் தூக்க முட்டி சம்மதிக்கவில்லை.

“பேசினது போதும். கையக் குடுப்பா” என்றார்.

செங்கம் ரோட்டில் கோஷம் நின்று சிரிப்பு கிளம்பியது. கைதாவதற்குப் போலீஸையே தூக்கிவிடச் சொன்ன ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆதிமூலமும்தான் பார்த்ததில்லை.

கிரிவலப் பாதையை அகலப்படுத்துகிறோம், ஓரத்துக் கடைகளை எடுங்கள் என்று நோட்டீஸ் வந்திருந்தது. நாளைக் காலை புல்டோசர். முதலில் போகப்போவது அன்வர் பாஷாவின் டீக்கடை. அதனால்தான் கடைக்காரர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள்.

ஆதிமூலத்துக்குக் கடை கிடையாது. பாஷா கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரைத் திட்டுகிற வேலை மட்டும் இருந்தது.

நேற்றும் திட்டினார். சங்கத் தலைவன் திருடன். வக்கீல் அவனுக்கும் மேலே. கத்தினால் புல்டோசர் நிற்குமா? வேனில் ஏறுகிறவன் முட்டாள்.

இன்று வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார்.

சற்று முன்புதான் பாஷாவை இரண்டு போலீஸ்காரர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். லுங்கி அவிழ்ந்துவிடப் போகிறதே என்று பாஷா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மட்டும் விடாமல் கோஷத்துக்கு உயர்த்தினார்.

அதைப் பார்த்த ஆதிமூலத்தின் வாய் “ஒழிக!” என்றது. யார் ஒழிக என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் கால் வேனுக்குப் போய்விட்டது. அறுபத்தெட்டு வயதில், அவரைக் கேட்காமல்.

போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். ஆதிமூலம் பாஷாவின் பக்கத்தில் மூட்டை மாதிரி விழுந்தார். கதவைச் சாத்தினார்கள்.

பாஷா கேட்டார்: “ஏண்ணே, வேன்ல ஏர்றவன் முட்டாள்னீங்களே. நீங்க எதுக்கு வந்தீங்க?”

“சோத்துக்குய்யா பாய். மண்டபத்துல வச்சி மத்தியானம் சாம்பார் சாதம் போடுவானுங்க, சாயங்காலம் வுட்டுடுவானுங்க. உன் கடைக்கோசரம் வந்தேன்னு மட்டும் நெனச்சிக்காத.”

பாஷா அவர் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி வியர்வையில் கரைந்து கொண்டிருந்தது.

அன்று கிருத்திகை. மாசத்தில் அந்த ஒரு நாள், பொழுது சாயும்வரை ஆதிமூலம் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார். மற்ற நாளெல்லாம் இருபது வருஷமாக அவருக்கு டீ ஆற்றிக் கொடுத்தவருக்கு இது தெரியாதா?

“உங்களுக்கு ஜாஸ்தியா வைக்கச் சொல்றேண்ணே” என்று சொல்லிவிட்டு, பாஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.