மூச்சு கலந்த குடுவை

செவ்வாய்க்கிழமைதோறும் அமலி மலையுச்சிக்கு ஏறி, காற்று வரும் பக்கம் முகம் கொடுத்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடிக் குடுவையின் மூடியைத் திருகுவாள். வெயிலின் சூட்டைப் பூமியைவிட்டுப் போகவிடாமல் பிடித்துவைக்கும் கரியமில வாயு அந்தக் காற்றில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நகரத்து ஆய்வகத்தில் அளப்பார்கள். பிடிப்பவரின் மூச்சு கலந்துவிட்டால் குடுவை செல்லாது.

அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் அவள் கணவர் ஞானப்பிரகாசம். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள், சாப்பாடு கொண்டுபோன அமலிக்குப் பாறையில் கால் சறுக்கியது. திறந்த குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே, "பாத்து வா அமலி!" என்று கத்திவிட்டார். அன்றைய காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நானூறு பங்கு கரியமில வாயு இருந்தால்தான் சரி; அவர் மூச்சு கலந்து அது கூடிவிட்டது. '421, செல்லாது' என்று சீட்டு ஒட்டி, மிச்சக் காற்றோடு குடுவையைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் இறந்த பிறகு அந்தக் குடுவையைச் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள். ஒருநாளும் திறந்ததில்லை.

இன்று ஆய்வகத்திலிருந்து ஷர்மிளா போன் செய்தாள்.

"அக்கா, போன வாரக் காத்து நானூத்தி இருபத்தொண்ணு."

அமலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மூச்சு விட்டுட்டேனாம்மா?"

"இல்லக்கா. ரெண்டு தடவ பாத்துட்டோம். சுத்தமான காத்துதான். இப்ப வெளியில இருக்கறதே அவ்வளவு."

அமலி பீரோவிலிருந்து குடுவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திறந்துவிட்டால், அவர் மூச்சு எது, ஊர்க்காற்று எது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஜன்னல் வழியே காற்று வந்தது. மூடியின் மேல் விரலை வைத்தவள், பழக்கதோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டாள்.